வெல்டின் வலிமையும் வலையின் கண்ணும்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தெற்கே கீழக்கரை, மூக்கையூர் என்று கரை நெடுக, ஆண்டு முழுக்கத் தள்ளிப்போட்ட இரும்பு வேலையெல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கிறது. எஞ்சின் பெட், வின்ச் ஸ்டாண்டு, சுக்கான், இழுவைப் பலகையின் இரும்புச் சட்டம், இரும்புப் படகானால் அடித்தகடு. அரித்த இரும்பை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கிறார்கள். கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால் பீடு, அதாவது வெல்டு விழுந்த வரி, அழகாக இருக்கிறது. அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தெரிய வேண்டுமென்றால் வெட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்து அறுத்த வெல்டு படகுக்கு உதவாது. ஆகவே வேறொரு கேள்வி எழுகிறது: இந்தத் தகடு, இந்த ராடு (பற்றவைக்கும் கம்பி), இந்த ஆம்பியர், இந்த வேகம் என்று முன்கூட்டியே தெரிந்தவற்றை வைத்து, கிடைக்கப்போகும் வெல்டின் வலிமையைச் சொல்லிவிட முடியுமா? உலோகவியலில் நியூரல் நெட்வொர்க், அதாவது பழைய சோதனை முடிவுகளிலிருந்து உறவுகளைத் தானே கற்றுக்கொள்ளும் கணினிக் கணக்கு, நுழைந்தது இந்தக் கேள்வி வழியாகத்தான். இனி அதைச் சுருக்கமாக வலை என்றே சொல்கிறேன். 1990-களில் கேம்பிரிட்ஜில் உலோகவியலாளர் பதேஷியாவும், இயற்பியலாளர் டேவிட் மெக்கேயும், அவர்களோடு இருந்தவர்களும் எஃகு வெல்டுகளின் வலிமையையும் அடி தாங்கும் திறனையும் இந்த முறையில் கணித்தார்கள். இன்று அதே கணக்கை ஒரு சாதாரண மடிக்கணினியில், இலவச மென்பொருளில், சில நிமிடங்களில் ஓட்டலாம். நேரம் தின்பது கணக்குக்கு முன்னால் இருக்கும் வேலை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதலில், ஏன் ஒரு நேரான சூத்திரம் போதவில்லை என்பதைப் பார்ப்போம். வெல்டிங் தெரிந்தவர்களுக்கு கார்பன் ஈக்விவலன்ட் பழக்கமான கணக்கு: கார்பன் + மாங்கனீஸ்/6 + (குரோமியம் + மாலிப்டினம் + வனேடியம்)/5 + (நிக்கல் + செம்பு)/15. கார்பன் 0.18 சதவீதம், மாங்கனீஸ் 0.90 சதவீதம் உள்ள தகட்டுக்கு 0.33 வரும். நாம் அன்றாடம் வாங்கும் மென்னெஃகுத் தகட்டுக்கு, இந்தியத் தரநிலையில் ஐஎஸ் 2062 ஈ250 ஏ எனப்படுவதற்கு, மேல்வரம்பு 0.42. வெல்டுக்கு அருகே சூடுபட்ட பகுதி எந்த அளவு விறைக்கும் என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. ஆனால் இந்தச் சூத்திரத்தின் உள்ளே ஒரு பெரிய அனுமானம் இருக்கிறது: ஒவ்வொரு தனிமமும் தன் வேலையைத் தனியாகச் செய்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை என்பது. உண்மையான உலோகம் அப்படி இல்லை. மாங்கனீஸ் கூடினால் நல்லதா கெட்டதா என்பது நிக்கல் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சூடு கூடினால் வலிமை எவ்வளவு குறையும் என்பது கலவையைப் பொறுத்தது. இப்படி ஒன்றையொன்று சார்ந்து வளையும் உறவுகளை, வளைவின் வடிவத்தை முன்கூட்டிச் சொல்லாமலே பிடிப்பதற்குத்தான் இந்த வலை.

வலையின் உள்ளே மாயம் ஒன்றும் இல்லை. உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணையும் ஓர் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஒரு மாறிலியைச் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையை எஸ் வடிவ வளைவான ஹைபர்பாலிக் டேன்ஜென்டில் போடுகிறோம். இது ஒரு மறைமுடிச்சு. இப்படிச் சில முடிச்சுகளின் விடைகளை மறுபடி எடைபோட்டுக் கூட்டினால் வலிமை வந்துவிடும். உள்ளே 12 எண்கள், நடுவில் 4 முடிச்சுகள் என்றால், 48 எடைகள், முடிச்சுக்கு ஒரு மாறிலியாக 4, வெளியே போகும் 4 எடைகள், கடைசியில் ஒரு மாறிலி: மொத்தம் 57 எண்கள். பயிற்சி என்பது, கையில் இருக்கும் சோதனை முடிவுகளுக்கு ஒத்துவரும்படி இந்த 57 எண்களைக் கண்டுபிடிப்பது.

கடற்கரைக்காரர்களுக்கு முடிச்சுகளின் எண்ணிக்கையை வலைக்கண்ணாகச் சொன்னால் சட்டென்று புரியும். முடிச்சு குறைந்தால் கண் பெரிது. பெரிய மீன் மட்டும் நிற்கும், நுணுக்கமான உறவுகள் தப்பிவிடும். முடிச்சு கூடக்கூடக் கண் சிறுத்து, மீனோடு பாசியும் சேறும் கல்லும் சேர்ந்து வரும். சோதனை எந்திரத்தின் தடுமாற்றத்தையும் எழுதியவரின் கைப்பிழையையும்கூட உலோகத்தின் குணம் என்று அந்த வலை மனப்பாடம் செய்துகொள்ளும். பழைய எண்களுக்கு அச்சுப் பிசகாமல் விடை சொல்லும். புது வெல்டுக்குத் தப்பாகச் சொல்லும்.

இனி தரவு. நான்கு பட்டறைக் குறிப்புகளை ஒன்றாக்கிக் கணினியில் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அங்கேதான் வேலை கெடுகிறது. வெல்டரிடம் போய், "அண்ணே, எத்தனை ஆம்பியர்ல வச்சீங்க?" என்று கேட்டால், "எப்பவும் வைக்கிறதுதான் தம்பி" என்று பதில் வரும். அவர் கைக்கு அது போதும், கணக்குக்குப் போதாது. மெஷினின் முகப்பில் உள்ள எண்ணையும் நம்பக்கூடாது. கரையில் மின்சாரம் எடுக்கும் இடத்திலிருந்து படகுவரை கேபிள் நீளமாக ஓடும். சில இடங்களில் ஜெனரேட்டர். முகப்பு 130 காட்டும்போது ராடில் 115 ஓடலாம். கேபிளில் டாங் டெஸ்டரைப் போட்டு, ராடு எரியும்போதே ஆம்பியரை எடுங்கள். வோல்ட்டை ஹோல்டருக்கும் எர்த்துக்கும் இடையில் எடுங்கள், மெஷின் முனையில் வேண்டாம். டிசி என்றால் டிசி அளக்கும் டாங் டெஸ்டர் வேண்டும். சாதாரணமானது ஏசி மட்டும்தான் காட்டும்.

வேகம் அளப்பது எளிது. ஒரு ராடு எரிந்து முடிய எத்தனை விநாடி, எத்தனை மில்லிமீட்டர் பீடு விழுந்தது என்று இரண்டையும் குறித்தால் போதும். 3.15 மி.மீ. ராடு, 115 ஆம்பியர், 24 வோல்ட், 60 விநாடியில் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 24 × 115 × 60 ÷ (1000 × 150) = 1.10, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 1.10 கிலோஜூல். இதுதான் வெப்ப உள்ளீடு. கைராடு வெல்டிங்கில் வெப்பத்திறன் 0.8 என்று எடுத்துக்கொள்ளும் முறையில் இதுவே 0.88 ஆகும். எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்பதை எழுதுங்கள். ஒரு பட்டறையின் 1.10-ம் இன்னொரு பட்டறையின் 0.88-ம் அட்டவணையின் ஒரே பத்தியில் (நெடுவரிசையில்) கலந்தால், ஒரே வெல்டை வலை இரண்டு வெல்டாகப் படிக்கும்.

அடுத்து ராடின் ஈரம். இந்தக் கரைக்கு இது தனிப் பத்தி கேட்கும் விஷயம். ஈரம் வெல்டுக்குள் ஹைட்ரஜனாகப் புகும். ராடு வகைகளில் 6013 இயல்பிலேயே ஹைட்ரஜன் அதிகம் விடுவது. 7018 குறைவாக விட வேண்டியது, ஆனால் உலர்ந்திருந்தால்தான். கடல்காற்றில் பெட்டியைத் திறந்துவைத்த 7018, பெயரளவில் மட்டுமே லோ ஹைட்ரஜன். அமெரிக்க வெல்டிங் கட்டமைப்பு விதிப்படி சாதாரண 7018-ஐ அடுப்பிலிருந்து எடுத்தபின் 4 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. சேமிப்பு அடுப்பு 120 டிகிரிக்குக் குறையக்கூடாது. ஈரம் ஏறியதை 350 டிகிரி அளவில் ஒரு மணிநேரத்துக்கு மேல் சுட்டெடுக்க வேண்டும். சரியான வெப்பமும் நேரமும் பெட்டியில் தயாரிப்பாளர் அச்சிட்டிருப்பார், அதைப் பின்பற்றுங்கள். 6013-ஐ அப்படிச் சுடக்கூடாது, பூச்சு கெட்டுவிடும். நோட்டில் எழுத வேண்டியது: பெட்டி திறந்த நேரம், ராடு எரிந்த நேரம், அடுப்பில் இருந்ததா, அன்றைய காற்றின் ஈரப்பதம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஹைட்ரஜன் எண்களைக் குழப்பும் விதம் நுட்பமானது. யீல்டு வலிமையை, அதாவது உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவை, அது அதிகம் தொடாது. நீட்சி சதவீதத்தைத்தான் கீழே தள்ளும். இழுத்து அறுத்த மாதிரியின் முகத்தில், நடுவில் ஒரு துளையோ கசடுத் துணுக்கோ இருக்க, சுற்றிலும் பளபளக்கும் வட்டம் தெரிந்தால் அதற்குப் பெயர் மீன்கண். வெல்டில் ஹைட்ரஜன் இருந்ததற்கு அது அடையாளம். மாதிரியைச் சோதனைக்கு முன் 100 டிகிரி அளவில் 48 மணி நேரம்வரை வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுவது சில வகை ராடுகளுக்குச் சோதனை விதிகளிலேயே உள்ள வழக்கம். ஒரு சோதனைக்கூடம் அப்படி வைத்து, இன்னொன்று வைக்காமல் இழுத்தால், ஒரே வெல்டுக்கு வலிமை ஒன்றாகவும் நீட்சி வேறாகவும் வரும். இந்த ஒரு பத்தி நோட்டில் இல்லையென்றால், அந்த வேறுபாட்டுக்கான காரணத்தை வலை மாங்கனீஸில் தேடும், கண்டுபிடித்தும் விடும். பொய்யான கண்டுபிடிப்பு.

தகட்டின் கலவையும் இப்படித்தான். புதுத் தகடென்றால் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் கேட்டு வாங்குங்கள், தகட்டில் அடித்திருக்கும் ஹீட் நம்பரோடு (உருக்கிய தொகுதியின் எண்) ஒத்துப் பாருங்கள். ஒத்துவராத சர்ட்டிஃபிகேட் வெறும் காகிதம். பழைய தகடு, ரீரோல் தகடு என்றால் கலவையைக் கண்டறியும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் செய்யாமல் உள்ளே விடாதீர்கள். கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே வகைப் பிஎம்ஐ துப்பாக்கி மாங்கனீஸையும் குரோமியத்தையும் நிக்கலையும் சொல்லும், கார்பனைச் சொல்லாது. மென்னெஃகில் கார்பன்தான் முக்கியம். கார்பனுக்குப் பொறி வகை ஸ்பெக்ட்ரோவே வேண்டும். வெல்டின் கலவையை வெல்டிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. 6 மி.மீ. தகட்டில் போடும் முதல் ரன்னில் (முதல் தடவை இழுக்கும் பீடில்) தகட்டின் உலோகம் உருகிக் கணிசமாகக் கலந்திருக்கும். ராடுப் பெட்டியில் அச்சிட்ட கலவை அங்கே செல்லாது.

அளக்காததற்குச் சுழியம் போடுவது பெரும்பிழை. நைட்ரஜனை அளக்கவில்லை என்பதற்காக 0 என்று எழுதினால், நைட்ரஜனே இல்லாத ஓர் எஃகை நீங்கள் உருவாக்கிவிட்டீர்கள். கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பாதிக்கு மேல் வெறுமையென்றால் அந்தப் பத்தியையே நீக்குங்கள். அலகுகளும் காலை வாரும்: பழைய சர்ட்டிஃபிகேட்டில் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 42 கிலோ என்று இருக்கும், புதியதில் 412 மெகாபாஸ்கல் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான், 9.81-ஆல் பெருக்க வேண்டும். நைட்ரஜன் ஓரிடத்தில் பத்து லட்சத்தில் 80 என்றும் இன்னோரிடத்தில் 0.008 சதவீதம் என்றும் வரும், அதுவும் ஒன்றே.

சோதனை முடிவுகளில் ஒரு கண்ணி இருக்கிறது, படித்தவர்களே விழுவது. குறுக்கு இழுவைச் சோதனையில் வெல்டை நடுவில் வைத்து இழுக்கிறோம். 7018-இல் போட்ட வெல்டு ஈ250 தகட்டைவிட வலுவானது; ராடுக்கு வரையறுத்த குறைந்தபட்ச இழுவலிமை 490 மெகாபாஸ்கல், தகட்டுக்கு 410. எனவே மாதிரி தகட்டில்தான் அறும், 440-இல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்டு நல்லது என்பதற்கு அது சான்று. ஆனால் வெல்டின் வலிமை 440 என்று நோட்டில் ஏற்றினால் தவறு. வெல்டு குறைந்தது 440 தாங்கியது என்பது மட்டுமே நமக்குத் தெரியும். இத்தகைய வரிகள் நூறு சேர்ந்தால், வெல்டின் வலிமையைத் தகடுதான் தீர்மானிக்கிறது, ராடுக்கும் ஆம்பியருக்கும் பங்கில்லை என்று வலை கற்றுக்கொள்ளும். வெல்டு உலோகத்தின் வலிமை வேண்டுமென்றால், வெல்டின் நீளவாக்கில், முழுக்க வெல்டு உலோகத்திலேயே உருளை மாதிரி கடைந்தெடுக்க வேண்டும். எந்த இடத்தில் அறுந்தது என்பதற்கு ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள்.

அடி தாங்கும் திறனை அளக்கும் சார்பி தாக்கச் சோதனைக்கும் ஒரு வார்த்தை. முழு அளவு மாதிரி 10 × 10 × 55 மி.மீ., நடுவில் 2 மி.மீ. ஆழ வி வெட்டு. 6 மி.மீ. தகட்டில் இது வராது, 5 மி.மீ. தடிமனில்தான் எடுக்க முடியும். கிடைத்த ஜூலை இரண்டால் பெருக்கினால் முழு அளவு மாதிரியின் ஜூல் ஆகிவிடாது, ஏனென்றால் மெல்லிய மாதிரி உடையும் விதமே வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். சார்பி எண்கள் இயல்பாகவே சிதறும். ஒரே வெல்டில் எடுத்த மூன்று மாதிரிகள் மூன்று எண் காட்டும். மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள், சராசரியை மட்டும் எழுதி மற்றவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தச் சிதறல்தான், வலை எவ்வளவு துல்லியமாகக் கணிக்க முடியும் என்பதன் மேல்வரம்பு. சோதனையே 20 ஜூல் முன்பின் ஆடும்போது, 5 ஜூல் துல்லியத்தில் கணிக்கிறது என்று சொல்லும் வலை மனப்பாடம் செய்திருக்கிறது.

கைக்குக் கிடைக்கும் மலிவான எண் கடினத்தன்மை. வெட்டி, தேய்த்து, நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில்) ஊறவைத்து, 10 கிலோ பாரத்தில் விக்கர்ஸ் கடினத்தன்மை எண்ணை எடுத்தால், தகடு, சூடுபட்ட பகுதி, வெல்டு மூன்றையும் ஒரே வெட்டில் அளந்துவிடலாம். மென்னெஃகில் விக்கர்ஸ் எண்ணை 3.2-ஆல் பெருக்கினால் இழுவலிமை சுமாராக வரும். 150-க்கு 480 மெகாபாஸ்கல். ஆனால் இப்படிப் பெருக்கி வந்ததை இழுவைச் சோதனை முடிவுபோல் வலைக்குக் கொடுக்காதீர்கள். கடினத்தன்மைக்குத் தனி வலை கட்டுங்கள்.

தரவு நேரான பிறகு கணக்கு. ஒவ்வொரு பத்தியிலும் சிறியதைக் கழித்து, பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 0.5 கழித்தால் எல்லா எண்களும் -0.5-க்கும் 0.5-க்கும் இடையில் வந்துவிடும். கார்பன் 0.1 அளவிலும் ஆம்பியர் 100 அளவிலும் இருப்பதால் எழும் தகராறு இதில் தீரும். நேரம் சம்பந்தப்பட்ட பத்தி இருந்தால் அதன் லாகரிதத்தைக் கொடுங்கள். உலோகத்துக்குள் நடக்கும் மாற்றங்கள் அப்படித்தான் நகர்கின்றன. ராடு வகையை 6013-க்கு 0, 7018-க்கு 1 என்று கொடுக்கலாம். பைத்தானில் சைக்கிட்-லேர்ன் தொகுப்பே போதும். தரவு சிறியதென்றால் எல்பிஎஃப்ஜிஎஸ் என்ற தீர்வுமுறை நன்றாக வேலை செய்யும். எடைகள் கண்டபடி பெருகாமல் கட்டுப்படுத்தும் ஆல்ஃபா என்ற எண்ணை 0.001 முதல் 10 வரை பத்துப் பத்து மடங்காக மாற்றிப் பார்க்க வேண்டும்.

பிரித்து வைப்பதில்தான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். தரவைக் குலுக்கி, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் பிரிப்பது புத்தக வழக்கம். வெல்டில் அது செல்லாது. ஒரு வெல்டிலிருந்து மூன்று சார்பி மாதிரிகள் எடுத்திருக்கிறோம். குலுக்கினால் இரண்டு பயிற்சிக்கும் ஒன்று சோதனைக்கும் போகும். விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதற்குச் சமம் அது. வரி வரியாகப் பிரிக்காமல் வெல்டு வெல்டாகப் பிரியுங்கள். முடிந்தால் தகட்டின் ஹீட் நம்பர் வாரியாக. அப்படிப் பிரித்த உடனே பிழை ஏறும். அந்த ஏறிய பிழைதான் உண்மை. பெரியது சிறியது கண்டுபிடிக்கும் கணக்கையும் பயிற்சிப் பகுதியில் மட்டுமே செய்ய வேண்டும்.

வலைக்கு முன்னால் ஒரு நேர்கோட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அதே தரவு, அதே பிரிப்பு. நேர்கோடு தரும் பிழைக்கும் வலை தரும் பிழைக்கும் வித்தியாசம் இல்லையென்றால் நேர்கோட்டையே வைத்துக்கொள்ளுங்கள். ஈ250 தகடு, இரண்டு வகை ராடு என்ற குறுகிய எல்லைக்குள் பல நேரம் அதுவே போதும்.

மெக்கேயின் பங்களிப்பு இந்த இடத்தில் வருகிறது. ஒரு விடை சொன்னால் போதாது, அந்த விடையில் எவ்வளவு நம்பிக்கை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த பேய்ஸ் முறையின் சாரம். பிழை இரண்டு வகை. ஒன்று, சோதனையின் சிதறல். ஒரே வெல்டை மறுபடி மறுபடி சோதித்தாலும் இருப்பது. இன்னொன்று, அந்தப் பக்கம் தரவே இல்லாததால் வலைக்கு வரும் தடுமாற்றம். முதலாவது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். இரண்டாவது, தரவு அடர்ந்த இடத்தில் சுருங்கி, தரவு இல்லாத இடத்தில் விரியும். இதை எளிதாக எட்டிப்பிடிக்க ஒரு வழி இருக்கிறது: ஒரே வலையை நம்பாமல், முடிச்சுகள் 1 முதல் 6 வரை, ஒவ்வொன்றுக்கும் தொடக்க எடைகளை மாற்றி 20 தடவை என்று 120 வலைகள் பயிற்றுங்கள். சோதனைப் பிழை குறைந்த பத்துப் பன்னிரண்டை எடுத்து ஒரு குழுவாக்குங்கள். சராசரிதான் விடை, அவற்றுக்குள் எவ்வளவு கருத்து வேறுபாடு என்பது இரண்டாவது வகைப் பிழை. இப்படித் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட வெல்டுகளைக் கடைசித் தேர்வுக்கு வைக்காதீர்கள். அதற்குத் தொடாத வெல்டுகள் தனியே இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, குழு 480 மெகாபாஸ்கல், கூடக்குறைய 30 என்று சொன்னால் அதை எடுத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். 480, கூடக்குறைய 120 என்று சொன்னால் அந்த 480-ஐ மறந்துவிட்டு ஒரு மாதிரி வெல்டு போட்டுச் சோதியுங்கள். பிழை எல்லை சொல்லாத வலை இரண்டு இடத்திலும் 480 என்று ஒரே தொனியில் சொல்லியிருக்கும். ஆளைக் கொல்வது அந்தத் தொனிதான். மென்னெஃகு வெல்டுகளை மட்டும் பார்த்த வலையிடம் 304 ஸ்டெயின்லெஸ் ஷாப்டை மென்னெஃகோடு 309எல் ராடில் ஒட்டினால் என்ன வலிமை என்று கேட்டாலும் அது ஓர் எண்ணைத் தரும்.

பயிற்சி முடிந்ததும் வலையை உலோகவியலோடு உரசிப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைத்து ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். கார்பன் கூடினால் வலிமை ஏற வேண்டும். வெப்ப உள்ளீடு கூடினால் வெல்டு மெதுவாக ஆறும், உலோகத்தின் மணிகள் (படிகத் துகள்கள்) பெரிதாகும், வலிமை இறங்க வேண்டும். ரன்களுக்கு இடையிலான வெப்பநிலை கூடினாலும் அப்படியே. வளைவு நடுவில் இரண்டு திமில் காட்டினால் முடிச்சு அதிகம், அல்லது அந்த இடத்தில் ஒரு தப்பான வரி இருக்கிறது. அநேகமாக இரண்டாவது; நோட்டைத் திறந்து அந்த வரியைத் தேடுங்கள்.

ஆனால் வளைவு நம் நம்பிக்கைக்கு மாறாகப் போனால் உடனே வலையைக் குற்றம் சொல்லவும் கூடாது. உயர்வலிமை எஃகு வெல்டுகளில் நிக்கல் சேர்த்தால் அடி தாங்கும் திறன் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. நிக்கல் 7 முதல் 9 சதவீதம் உள்ள வெல்டுகளில், மாங்கனீஸ் 2 சதவீதமாக இருக்கும்வரை அந்தப் பலன் கிடைக்காது, மாங்கனீஸை 0.5 சதவீதத்துக்குக் குறைத்தால்தான் கிடைக்கும் என்று ஆய்வாளர்கள் பயிற்றிய ஒரு வலை சொன்னது. அப்படியே வெல்டு போட்டுச் சோதித்தார்கள்; அது சரியாக இருந்தது. காரணத்தை நுண்ணோக்கியில் பிறகு தேடினார்கள். கார்பன் ஈக்விவலன்ட் போன்ற தனித்தனிக் கூட்டல் சூத்திரத்திலிருந்து இந்தச் செய்தி ஒருநாளும் வந்திருக்காது. இந்த முறைமேல் எனக்குள்ள மதிப்பெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வந்தது என்று சொல்லலாம்.

வலை சொல்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும். அது கணிப்பது குறையில்லாத வெல்டு உலோகத்தின் வலிமை. கசடு சிக்கியதா, ஓரத்தில் அண்டர்கட் (பள்ளம்) விழுந்ததா, ரூட்டில் (இணைப்பின் அடியில்) உருகாமல் விட்டதா என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. உப்பும் துருவும் பழைய பெயிண்ட்டும் இருக்கும் தகட்டை இருபுறமும் 25 மி.மீ. அகலம் கிரைண்டரில் பளபளக்கும்வரை தேய்க்காமல், ஈரம் போகச் சூடுகாட்டாமல் வெல்டு வைத்தால் துளைகள் விழும். 490 என்று வலை சொன்னாலும் துளை துளைதான்.

அரிப்பும் அப்படியே. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்பை இந்தக் காற்று விடாமல் தின்றது; 2025 ஏப்ரல் 6-இல் திறந்த, 72.5 மீட்டர் தூக்கு இடைவெளி கொண்ட புதிய பாலத்தின் பற்றவைத்த இணைப்புகளையும் தின்னப் பார்க்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு மையம் அரிப்புச் சோதனைக்கு மண்டபத்தைத் தேர்ந்ததற்கும் இந்தக் காற்றே காரணம். ஆனால் துரு எஃகின் மெகாபாஸ்கலைக் குறைப்பதில்லை, தடிமனைக் குறைக்கிறது. யீல்டு 250 உள்ள 6 மி.மீ. தகடு, ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு 1500 நியூட்டன் தாங்கும். 1.5 மி.மீ. அரித்துப்போனால் 4.5 மி.மீ. மிச்சம், தாங்குவது 1125. வலையைக் கேட்டால் இன்னும் 250 என்றே சொல்லும். தவறல்ல, நாம் கேட்ட கேள்விதான் வேறு. அல்ட்ராசோனிக் தடிமன்மானியை வைத்து அளந்த எண்ணோடு பெருக்கிய பிறகே அது படகுக்குப் பொருந்தும். அலையில் ஆயிரக்கணக்கான தடவை வளைந்து வளைந்து வரும் களைப்பு விரிசலுக்கும் இழுவலிமை வலை பதில் சொல்லாது.

ஒரு பட்டறையோ, ஓர் ஐடிஐயோ, ஒரு பாலிடெக்னிக்கோ இந்தக் கரையில் இதைத் தொடங்க நினைத்தால் எவ்வளவு சாத்தியம் என்று எண்ணிப் பார்க்கலாம். தடைக்காலத்தின் 61 நாளில் வாரத்துக்கு 2 மாதிரித் தகடுகள் என்றால் 17 வரும். மூன்று தடைக்காலத்தில் ஏறக்குறைய 50. ஐம்பது வெல்டுக்கு 57 எண்கள் கொண்ட வலை கூடவே கூடாது. கார்பன், மாங்கனீஸ், வெப்ப உள்ளீடு, ரன்களுக்கு இடையிலான வெப்பநிலை, ராடு வகை என்று 5 பத்திகள், 2 முடிச்சுகள்: 15 எண்கள். ஐம்பது வெல்டு அதைத் தாங்கும். இலக்கு முதலில் கடினத்தன்மை, அடுத்து இழுவலிமை. சார்பியை மூன்றாம் ஆண்டுக்கு வையுங்கள்.

17 தகடுகளையும் ஒரே ஆம்பியரில் போட்டுவிடாதீர்கள். அப்புறம் ஆம்பியரைப் பற்றி வலை எதுவும் கற்காது. 3.15 மி.மீ. ராடில் 90, 110, 130 என்று வேண்டுமென்றே விரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு வேகத்தில் போடுங்கள். அப்படிப் போட்டும் 6 சேர்க்கைகள்தான். ராடு இரண்டென்றால் 12. மிச்சம் 5 தகடுகளில், முன்பு போட்ட ஒன்றையே வேறு நாளில், வேறு கையால் மறுபடி போடச் சொல்லுங்கள். சிதறலை அளக்க வேறு வழி இல்லை. முதல் ஆண்டு வலை ஓடியதும், பிழை எல்லை எங்கே விரிந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்த ஏப்ரலில் முதல் தகட்டை அந்த இடத்தில் போடுங்கள்.